மடங்காத விரலும் ஒரு மணி நேரப் பாடமும்

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்ககிரியிலிருந்து நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை செல்வி, தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். மூடியைத் திறக்க முடியவில்லையாம். நாளெல்லாம் தையல் மிஷினில் உட்காருகிறவள். வயது முப்பத்தைந்து.

விரல்கள் வீங்கியிருந்தன. ஒரு வருடமாகவே இப்படித்தானாம். ஒரு டாக்டர் கால்சியம் குறைவு என்றாராம். இன்னொருவர் ஊசி போட்டு அனுப்பினாராம். மூன்றாமவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

நம் வீட்டிலேயே ஒரு டாக்டர் தயாராகிக்கொண்டிருக்கும்போது என்ன கவலை? எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கும் என் மகள் யாழினியைக் கூப்பிட்டேன். வந்தாள். எட்டிப் பார்த்தாள். அத்தைக்கு வயசாகிறது என்றாள்.

முப்பத்தைந்துக்கே வயதாகிவிட்டதென்றால், ஐம்பத்து மூன்றில் இருக்கும் என்னை எந்த மியூசியத்தில் வைப்பது?

கல்லூரியில் மூட்டு நோய்க்குப் பாடமே கிடையாதா என்று கேட்டேன். இருந்ததாம் – ஒரே ஒரு மணி நேரம். பரீட்சைக்கு அவ்வளவாக வராது என்று சீனியர்கள் சொல்ல, பாதி வகுப்பு கேன்டீனில். இவளும்தான்.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் வியாதியா? வாயில் நுழையாத அதன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்!

முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், அரை மணி கழித்துத் தடித்த புத்தகத்தோடு வந்தாள். அத்தையின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்.

"காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரம் வெரலு மடங்க மாட்டீங்குதுங்கத்தை?"

"பத்து மணி ஆயிருது சாமி. இத இதுவரைக்கும் யாருமே கேக்கலியே" என்றாள் செல்வி. கண் கலங்கிவிட்டது. யாழினிக்கும்.

சேலத்தில் மூட்டு நோய் நிபுணரிடம் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனை செய்தார். முடக்குவாதம். மருந்தால் வலியும் வீக்கமும் அடங்கும், இந்த ஒரு வருடத்தில் வளைந்துவிட்ட இரண்டு விரல்கள் மட்டும் நிமிராது என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால்... என்று நிறுத்திக்கொண்டார்.

செல்வி இப்போது மறுபடி தைக்கிறாள். யாழினிதான் சும்மா இருக்கவில்லை. மூட்டு நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்க ஒரு வகுப்பு வேண்டும் என்று பேராசிரியரிடம் போய் நின்றாள். நோயாளிக்கு எங்கே போவது என்றாராம் அவர். எங்கள் அத்தையைக் கூட்டிவருகிறேன் என்றாளாம் இவள்.

போன வியாழக்கிழமை செல்வி கல்லூரிக்குப் போனாள். மாணவர்கள் நாற்பது பேர் வரிசையில் வந்து அவள் விரல்களை அமுக்கிப் பார்த்தார்கள். எங்கே அமுக்கினால் வலிக்கும், எங்கே வலிக்காது என்று ஒவ்வொருவருக்கும் அவளே சொன்னாளாம்.

"புள்ளைங்க நல்லாத்தான் கேக்குதுங்கண்ணா. சொல்லிக் குடுக்கத்தான் ஆளில்ல" என்றாள் திரும்பி வந்து.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறாள்!