நர்சரிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

எங்கள் ஊரில் என் அப்பாவைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. இரண்டுமே என்னைக் கண்டால் விடாது. வலங்கைமானில் வாழ்க்கைப்பட்ட நான் எப்போதாவது பூதலூரில் வந்து இறங்கினால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நின்று, "அண்ணன் மட்டும் இல்லேன்னா எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது பாப்பா" என்பார். ஊருக்குள் நுழைந்தால் ஒரு பெண், "தலைவர் மவளா, வா" என்பாள். அந்தத் 'தலைவர்' என்ற சொல்லை அவள் சொல்லும் விதத்திலேயே விஷயம் புரிந்துவிடும். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்பா வனத்துறைத் தினக்கூலிகளின் சங்கத் தலைவராக இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் காடு ஏது என்று கேட்காதவர்கள் இல்லை. கல்லணையிலிருந்து வரும் புது ஆற்றுக் கரையில் வரிசையாக நிற்கும் தேக்குதான் எங்கள் காடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல், நடுவில் வனத்துறை. அந்த மரங்களை ஆடுமாடு கடிக்காமலும் யாரும் வெட்டிக்கொண்டு போகாமலும் காவல் காத்த ஆண்களுக்கு வாச்சர் என்று பெயர் இருந்தது. நர்சரியில் பாலிதீன் பைகளில் மண் அடைத்து, விதை ஊன்றி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றிய பெண்களுக்குத் தனியாகப் பெயர் எதுவும் இல்லை. நர்சரிப் பொம்பளைங்க, அவ்வளவுதான். அம்மா அவர்களில் ஒருத்தி. எதிர்வீட்டு அத்தை இன்னொருத்தி.

கரைக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அதற்கு முன் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள்தான். நெல்லாகக் கொடுக்கும் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார்கள் எங்கள் தெரு ஆட்களை வயலில் இறங்கவிடாமல் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுத்த காலம் அது. அப்போதும் அப்பாதான் முன்னால் நின்றார். எங்கள் குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கேட்டுத் தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்ததும் அவர்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் புது மந்திரிக்கு ஆளுயர மாலை போட்டு, மனு கொடுப்பார். மாலையை வாங்கிக்கொள்வார்கள். மனுவையும் வாங்கிக்கொள்வார்கள்.

தினக்கூலிகளை நிரந்தரமாக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு சித்திரை மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சித்திரையைத் தேர்ந்தெடுத்தது அப்பா. "இந்த வெயில்ல நாலு நாளு தண்ணி ஊத்தலன்னா செடி கருகிரும். அப்பதான் ஆபீசருக்கு ஒறைக்கும்" என்று கூட்டத்தில் பேசினாராம். நர்சரிக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று முடிவானது.

நான் அப்போது தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊர் சொன்னதைத்தான் நானும் கேட்டுக்கொண்டேன். செடிகள் தலை சாயத் தொடங்கியதும் ஒரு நாள் விடியற்காலையில் அம்மா பூவாளியோடு நர்சரிக்குள் போயிருக்கிறாள். கம்பிவேலிக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு போன எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்திருக்கிறாள். தலைவர் பொண்டாட்டியே தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் உத்தரவு ஆகிவிட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவள் போய்த் தெருவில் சொல்ல, நர்சரிப் பெண்கள் எல்லாரும் கிளம்பி வந்து, இருந்த பாத்தி முழுக்க நனைத்துவிட்டார்கள். வாச்சர்கள் வந்து பார்த்தபோது பைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கூட்டத்தில் அப்பா எழுந்து ஒரு வாக்கியம் சொன்னார். "என் பொண்டாட்டியா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம். பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. வேலைநிறுத்தத்தில் கடைசிவரை நின்றவர்களை மட்டும் நிரந்தரமாக்குவது என்று ஒப்பந்தம் ஆனது. கடைசிவரை நின்றவர்கள் யார் என்று சொல்லும் பொறுப்பு சங்கத்துக்கு. வாச்சர்கள் எல்லாருக்கும் வேலை கிடைத்தது. தண்ணீர் ஊற்றிய பெண்கள் ஒருவருக்கும் இல்லை.

அந்த வாக்கியம் அப்பாவைவிட நன்றாக வாழ்ந்தது. பெற்ற பிள்ளைக்கும் கட்டிய மனைவிக்கும் பதவி தேடும் தலைவர்கள் நடுவே இப்படி ஒரு மனிதரா என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பெண்கள் மறுபடி நாற்றுப் பறிக்கவும் களை எடுக்கவும் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். துரோகி என்ற பட்டம்தான் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அத்தையின் புருஷன் வாச்சர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட "துரோகிதானடி நீ" என்பார். குழாயடிச் சண்டையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே வாய்த்தகராறு வந்தாலும் அந்தச் சொல் வந்துவிடும்.

எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. செடி வாடுவதைப் பொறுக்காமல் புருஷன் பேச்சை மீறிப் போனவள் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் அதன்பிறகு எனக்கு ஒட்டவில்லை. பொங்கலுக்குப் போவேன், காலில் விழுவேன், பஸ் ஏறிவிடுவேன்.

அப்பா இறந்த பதினாறாம் நாள் படத்திறப்பு. சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, தெரு முனை வரை பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் அப்பாவுக்கு ஓர் இருபது வயது குறைத்திருந்தார்கள். படத்துக்கு அடியில் அந்த வாக்கியம்.

அதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு அத்தை வந்தாள். புருஷனையும் இழந்து, இடுப்பொடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, நாளைக்கி ஒன்னையும் ரெண்டு வார்த்த பேசச் சொல்வாங்க. நாங்க துரோகி இல்லன்னு மட்டும் சொல்லிடு. எம் பேத்தியப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டகூட எவனோ இத ஓதிட்டான். வேலையா கேக்குறேன், அந்தப் பேரு போனாப் போதும்" என்றாள். அத்தை போன பிறகு, வைத்த காப்பி ஆறிக்கிடக்க, அம்மா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் அடுக்குமொழியில் முழங்கினார். எதிர்க்கட்சிக்காரர் அதைவிட அடுக்கினார். இருவருமே அப்பாவைத் தங்கள் ஆள் என்றார்கள், அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்கள். சங்கச் செயலாளர் குனிந்து, "அண்ணி, ரெண்டு வார்த்த பேசுறீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டார். அம்மா எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி ஊத்தச் சொன்னது அவருதான்" என்றாள். "செடி மொத்தமும் செத்தா நர்சரியவே மூடிருவானுவ, வெடியறதுக்குள்ள போயி ஊத்திட்டு வந்துரு, யாருக்கும் தெரிய வேணாம்னாரு. நான் போனேன். என்னயப் பாத்துதான் இவளுவ வந்தாளுவ. இவளுவ துரோகி இல்ல."

செயலாளர் மைக்கை மெல்ல வாங்கி, "அண்ணி துக்கத்துல இருக்காங்க, அவங்க மனநிலைய நாம புரிஞ்சுக்கணும்" என்றார். அடுத்த பேச்சாளரை அழைத்தார்கள். வாச்சர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெண்கள் பக்கம் பார்த்தேன். கண்ணைத் துடைப்பார்கள், வந்து கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை. எதிர்வீட்டு அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குக் கோபம். அப்பா மேல் இல்லை, அவர் மேல் ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தது. அம்மா மேல். அவரை மீறியவள் என்றுதான் நான் அவளை அத்தனை காலம் கொண்டாடினேன். அவளோ அவர் சொல்லைத் தட்டாமல் போய், அவர் சொல்லைத் தட்டாமல் வாயையும் மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். சொன்னா சங்கம் ரெண்டாயிரும், ஒப்பந்தம் நிக்காது, கெடைக்கிற ஆம்பளைங்க வேலையும் போயிரும்னாரு. அடுத்த தடவ ஒங்களுக்கு வாங்கித் தாரேன்னாரு."

"அடுத்த தடவ வந்துச்சா?"

"எங்கேருந்து வரும்."

அவர் சொன்னதில் கணக்கு இருந்தது என்பதை மறுக்க முடியவில்லை. வாச்சர் குடும்பங்களில் படித்தவர்கள் இன்று டீச்சராக, நர்ஸாக, பாங்கில் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. நர்சரிப் பெண்களைக் கொடுத்துத்தான் அது வாங்கப்பட்டது. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். அவரைப் பற்றி ஊர் இரண்டாகப் பேசுவதில் எனக்கு அதன் பிறகு ஆச்சரியம் இல்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை சுவரைப் பிடித்தபடி வந்தாள். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"வாடி" என்றாள் அம்மா. "நீ கேட்டத சொல்லிட்டேன்ல?"

"சொன்ன" என்றாள் அத்தை. "நான் இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தது வேற. நீ செடிக்காவ மனசு கேக்காமப் போன, நாங்களும் ஒங்கூட வந்தோம், சேந்துதான் கெட்டோம்னு நெனச்சேன். எம் புருஷன் அடிக்கும்போதெல்லாம் அக்காவுக்கும் இதே கெதிதானேன்னு ஆறுதலா இருக்கும்."

சுவரிலிருந்து கையை எடுக்காமலே அத்தை தொடர்ந்தாள்.

"ஒன்ன அவரு அனுப்புனாரு. நீ அவர காப்பாத்திக்கிட்டே இருந்த. எங்கள யாருக்கா காப்பாத்துனா?"

அம்மா எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். அத்தை கையை இழுத்துக்கொண்டு, வந்த சுவரைப் பிடித்துத் தன் வீட்டுக்கு நடந்தாள். அம்மா வாசலில் நின்று, "அவ சொல்றது சரிதான்" என்றாள், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல்.