அக்காவுக்கு மூத்தவன்

என் அடையாள அட்டைப்படி நான் என் அக்காவைவிட ஒரு வயது மூத்தவன். இத்தனை வருடங்களாக அதை யாரும் கவனிக்கவில்லை. போன மாதம் என் பேத்தி கவனித்துவிட்டாள். நான் சொல்ல, இதை எழுதுவதும் அவள்தான். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சரித்திரப் பாடத்துக்கு அவரவர் குடும்பத்தின் கதையை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நன்றாக எழுதியவர்கள் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அவளுடைய பெயரும் வந்திருந்தது.

அன்று மழை. எங்கள் இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கம் மழை வந்தால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக்கூரைக்குக் கீழே பேசுவது கேட்காது. முன்பு அந்தக் கூரை இன்னும் மோசம், ஏழு இடத்தில் ஒழுகும். அது இருக்கட்டும். மழை விட்டதும் எழுதியதை வாசித்துக் காட்டினாள். கப்பலேறி வந்தது, காடு வெட்டித் தேயிலை வைத்தது, குடியுரிமை பறிபோனது எல்லாம் வந்தன. பிறகு, "தோட்டத்தில் அப்போது பள்ளிக்கூடமே இல்லை. என் தாத்தாவே அதற்குச் சாட்சி" என்றாள்.

நான் சொல்லி வந்த கதைதான் அது. மகன் சின்ன வயதில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, "எங்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லடா, நீயாவது போ" என்று ஆரம்பித்தேன். அவன் போனான். அதே கதையைக் கேட்டுத்தான் பேத்தியும் போனாள். இப்போது அதை ஊருக்கு முன்னால் வாசிக்கப் போகிறாள். பொய் என்று தெரிந்தால் அவள் முகம் என்னாகும்?

அதற்குள் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்து வம்சாவளி வரைந்தவள், "தாத்தா, நீங்க பெரியப்பாட்டிக்கு மூத்தவரா? அப்ப ஏன் அக்கான்னு கூப்பிடுறீங்க?" என்றாள்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். "மூத்தவனா? இவனா? இடுப்புல தூக்கிச் சொமந்தவ நானு!"

"அட்டையில அப்படித்தான் இருக்கு" என்றாள் பேத்தி.

"இருக்காதா பின்ன? பெரட்டுக்களத்துல கல்லு மேல ஏறி நின்னான்ல, அத சொன்னானா?"

"அக்கா, சும்மா இரு."

"என்ன சும்மா இரு? பள்ளிக்கூடத்த விட்டு ஓடுன கதைய மறைக்கிறியா?"

பேத்தி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறைக்க இனி ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பும் அதற்குள். நான் மூன்று மாதம் போனேன். என் வயதுப் பையன்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கையில் சுரண்டியோடு புல் சுரண்டப் போவார்கள். அந்தச் சுரண்டி எனக்கும் வேண்டும் என்று ஆசை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய், உயரமாகத் தெரிய ஒரு கல்லில் ஏறி நின்றேன். கணக்கப்பிள்ளை வயது கேட்டார். பத்து வயதுக்காரன் பதின்மூன்று என்றேன். கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எழுதிக்கொண்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவரும் ஒன்றும் பேசவில்லை. செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் ஏறிய அந்த வயதுதான் பின்னால் அடையாள அட்டைக்கும் வந்தது.

"கோவமா கண்ணு?" என்று கேட்டேன்.

"கோவந்தான். நாளைக்கு வாசிக்கணும், இப்பச் சொல்றீங்க." பிறகு அவளே சிரித்துவிட்டாள். "கல்லு எவ்வளவு ஒசரம் தாத்தா?"

கையால் காட்டினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் நானும் அக்காவும் பள்ளிக்குப் போனோம். சிறுபிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். பேத்தி வாசித்தாள். கல்லில் ஏறிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அடுத்ததை வாசித்தாள்: "பள்ளிக்கூடம் இருந்தது. என் தாத்தா ஓடிப்போனார். ஆனால் பத்து வயதுப் பிள்ளை என்று தெரிந்தே பெயர் பதிந்தார்கள். அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவரும் போய்ப் படி என்று சொல்லவில்லை."

இதை நான் ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா விலாவில் இடித்தாள். "ஒன்னப் பத்தித்தான்டா வாசிக்குது புள்ள. நிமிந்து உக்காரு."