கரண்டி படாத பானை

முட்டைக்கோஸ் இலையின் முதுகில் புடைத்திருக்கும் நரம்பைக் கால்மான் பேனாக்கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார். இலை கிழியக் கூடாது. நரம்பு மட்டும் இலையின் கனத்துக்கு இறங்க வேண்டும். சீவிய ஒவ்வோர் இலையையும் சமையலறை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தெருவிலுள்ள விளக்குக் கம்பம் அதனூடே மங்கலாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் இலை தேறியது. தெரியாவிட்டால் அதை நறுக்கிப் பானையின் அடியில் மெத்தையாகப் போட்டுவிடுவார். “யாரையும் வேலைய விட்டுத் தூக்கல. எடத்த மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்” என்பார்.

தெப்ரெட்சென் நகரப் பேருந்தை முப்பத்தோர் ஆண்டுகள் ஓட்டி ஓய்வு பெற்றவர் கால்மான். வயது அறுபத்தாறு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. தோள் அகலமானவர், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. பணியில் இருந்தபோது அணிந்த நீலக் கம்பளிச் சட்டையை இப்போது அடுப்பருகே மட்டும் அணிகிறார். அதன் மார்புப் பையில் முன்பு சீட்டுக் கிழிக்கும் கருவி இருந்த இடத்தில் இன்று பிரிஞ்சி இலை இருக்கிறது.

அரைத்த பன்றிக்கறி, ஒரு கை அரிசி, கொழுப்பில் வதக்கிய வெங்காயம், மிளகு, கண்ணைக் கவரும் சிவப்பில் மிளகாய்த் தூள் ஆகியவற்றைப் பிசைந்து, இலையில் வைத்துக் கட்டைவிரல் நீளத்துக்குச் சுருட்டுகிறார். ஒரு பானைக்கு இருபத்து நான்கு சுருள்கள். மடிப்பு கீழே இருக்குமாறு ஒன்றையொன்று நெருக்கி அடுக்கும்போது வாய் தானாகப் பழைய பேச்சைப் பேசுகிறது: “உள்ள தள்ளிப் போங்க. கதவுகிட்ட யாரும் நிக்காதீங்க. இன்னும் நாலு பேர் ஏறணும்.” அவற்றின் மேல் புகையில் வாட்டிய விலா எலும்பு, அதன் மேல் மீண்டும் புளித்த முட்டைக்கோஸ். பிறகு மூடி.

மூடிய பின் அந்தப் பானையில் கரண்டி நுழைவதில்லை. அடி பிடிக்காமல் இருக்கக் கால அட்டவணைப்படி பானையின் இரு காதுகளையும் துணியால் பற்றி, இடம் வலமாக ஓர் உலுக்கு உலுக்குவார். வளைவில் பேருந்தைத் திருப்புகிற அதே தோள், அதே முழங்கை. ஒருமுறை உலுக்கும்போது இடப்பக்கம் திரும்பி, வருகிற வண்டி ஏதும் உண்டா என்று பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

உண்பதற்கு அவர் சுவரைப் பார்த்து உட்காருவார். அடுப்பு முதுகுப் பக்கம் இருக்கும். ஆகவே எதிர்ச்சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், பழைய பேருந்தின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் திருகி வைத்திருக்கிறார். சூப்பு குடித்துக்கொண்டே பானையைக் கண்காணிக்கலாம். “முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது” என்று காரணம் சொல்கிறார்.

புதன்கிழமைகளில் அவர் வீட்டில் முட்டைக்கோஸ் வதக்கிய சதுர நூடுல்ஸ். இவ்வுணவை இந்நாட்டில் பாதிப்பேர் மிளகு தூவியும் பாதிப்பேர் சர்க்கரை தூவியும் உண்பார்கள். இரு கட்சியாரும் ஒருவரையொருவர் நோயாளியாகவே கருதுவார்கள். கால்மான் மிளகுக் கட்சி. ஆயினும் அவர் மேசையில் சர்க்கரைக் கிண்ணம் ஒன்று இருந்தது. பதினோர் ஆண்டுகளாக எவரும் தொடாததால் உள்ளிருந்த சர்க்கரை கிண்ணத்தின் வடிவத்திலேயே கல்லாகிவிட்டது. புத்தாண்டின் முதல் நாள், முந்தைய இரவு குடித்தவர்களுக்காகப் புளித்த முட்டைக்கோஸ் சூப்பு வைத்து மாடி மாடியாகக் கொடுப்பார். யாருக்கு எத்தனை கரண்டி தேவை என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். கேட்டு வாங்குபவருக்கு ஒரு கரண்டி குறைவு.

சந்தைக் கூடத்தில் புளித்த முட்டைக்கோஸை முழுதாக விற்கும் தெரேஸ், இவர் பீப்பாய்க்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதை நெடுங்காலமாகச் சகித்து வருகிறாள்.

“மாமா, டாக்டர் மாதிரி அமுக்காதீங்க. அதுக்கு ஒண்ணும் நோவு இல்ல.”

“டாக்டர் அமுக்கினா அவருக்கு நாம குடுக்கணும். நான் அமுக்கினா உனக்குக் குடுக்கறேன். வித்தியாசம் இருக்கில்ல?”

அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் எதுவும் மாட்டியிருக்காது. அங்கே தொங்கிய நீண்ட மரக்கரண்டியை அவருடைய மனைவி பிரோஷ்கா, பதினோர் ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போனபோது, இரண்டு பெட்டிகளோடு எடுத்துச் சென்றார். அந்தக் கதையைக் கால்மான் ஒரே ஒரு புத்தாண்டு நாளில், மூன்றாவது கோப்பை பிளம் சாராயத்துக்குப் பின், என்னிடம் சொன்னார்.

கிறிஸ்துமஸின் இரண்டாம் நாள். பிரோஷ்காவின் இரு அண்ணன்மாரும் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார்கள். அவர்களை அழைத்துவர டிராம் நிறுத்தத்துக்குப் போன பிரோஷ்கா, “அடுப்ப மட்டும் பாத்துக்க. பானையத் தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனார். கால்மானுக்கு அடி பிடிக்கிற வாசனை வந்ததாகத் தோன்றியது. மரக்கரண்டியை எடுத்து நான்கு சுற்றுக் கிளறினார். இருபத்து நான்கு சுருள்களும் விரிந்துபோயின. மேசைக்கு வந்தது கூழ். “என்னம்மா பிரோஷ்கா, கஞ்சியா?” என்று மூத்த அண்ணன் கேட்டார். பிரோஷ்கா வாய் திறப்பதற்குள் கால்மான் முந்திக்கொண்டு, “அரிசி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல. வெந்து வெடிச்சிருச்சு” என்றார். பிரோஷ்கா அந்தக் கூழையே எல்லாருக்கும் பரிமாறினார். ஈஸ்டருக்குப் பின் சொல்னோக் நகருக்குப் போய், ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. நீதிமன்றத் தாளில் அவையே இடம்பெற்றன. “முப்பத்தோரு வருஷத்துல ரோட்டுல ஒரு விபத்து கெடையாது, வாத்தியாரே” என்றார் கால்மான். “வீட்டுல ஒண்ணு.”

இந்த இலையுதிர் காலத்தில், பணி ஓய்வு பெற்ற பிரோஷ்கா, இங்குள்ள தங்கை வீட்டுக்குச் சில வாரங்கள் தங்க வந்தார். தெரேஸின் பீப்பாய்க்கு இருபுறமும் நின்றபடி இருவரும் சந்தித்துக்கொண்டனர். டிசம்பரின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அவர் சொல்னோக் திரும்புவதாக இருந்தது. அவர் திரும்பக் கூடாது என்று கால்மான் விரும்பினார். இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கல்லாகிப்போன சர்க்கரையைக் கத்தியால் குத்தி எடுத்துக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தில் புதுச் சர்க்கரை நிரப்பினார். குப்பையில் கிடந்த கட்டியைக் கீழ்வீட்டு கிஸெல்லா பார்த்துவிட்டதால் மாலைக்குள் குடியிருப்புக்கே தெரிந்துவிட்டது.

கிஸெல்லா மாடிப்படியில் அவரை நிறுத்தினாள். “அண்ணே, மறுபடி சூடு பண்ணித் தின்னா ருசிக்கிறது முட்டைக்கோஸ் மட்டுந்தான். இது நான் சொல்லல, ஊரே சொல்லுது. பழைய பொண்டாட்டிக்கு அது பொருந்தாது.”

“எனக்குத் தெரிஞ்சது முட்டைக்கோஸ்தான். அதப்பத்திக் கேளு.”

“சரி, அப்படியே இருக்கட்டும். வாயத் தெறந்து, இங்கேயே இருன்னு கேக்கவாவது செய்யுங்களேன்.”

“பஸ் ஓட்டறவன் யாரையும் கையப் புடிச்சு ஏத்த மாட்டான், கிஸெல்லா. கதவத் தெறந்து வெப்பான்.”

சனிக்கிழமை நண்பகலில் பிரோஷ்கா வந்தார். சமையல் மணம் மூன்றாம் மாடியிலேயே அவரை எதிர்கொண்டிருக்க வேண்டும். இரு வீட்டுக் கதவுகளும் திறந்திருந்ததால் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பசிக்குது. போடு.”

“இன்னிக்கு இல்ல.”

“என்ன இல்ல?”

“இன்னிக்கு வெந்திருக்கு, அவ்வளவுதான். நாளைக்குச் சுமாரா இருக்கும். திங்கக்கெழமைதான் அதுக்கு நாள்.”

“டிராம் ஏறி வந்திருக்கேன், கால்மான்.”

“நாளைக்கும் டிராம் ஓடும். ஞாயித்துக்கெழமை இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு.”

ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவி, வெங்காய வளையம் வைத்துக் கொடுத்தார். பிரோஷ்கா இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போனார். பானை பால்கனிக்குச் சென்றது. குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் பால்கனியே குளிர்பெட்டி. நான்காம் மாடியில் பூனை வராது, காகம் வரும். அதற்காகக் கால்மான் மூடியின் மேல் ஒரு செங்கல் வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பிரோஷ்கா மறுபடியும் வந்தார். பானை உள்ளே வந்து சூடேறியது. சோதனைக்காக அவருக்கு ஒரே ஒரு சுருள் வழங்கப்பட்டது. அந்நேரம் கிஸெல்லா ஒரு வெங்காயம் கடன் கேட்டு மேலே வந்தாள். அவள் வீட்டு வாசலில் வெங்காயம் சரமாகத் தொங்குவதை நாங்கள் அனைவரும் அறிவோம். கால்மான் வாசலில் நின்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், பிரோஷ்கா பானையோடு தனியே இருப்பது நினைவுக்கு வந்து உள்ளே விரைந்தார். அடுப்பருகே நின்றிருந்த பிரோஷ்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“பயப்படாத. நான் கிளறல.”

கால்மானின் கழுத்து சிவந்ததாகக் கிஸெல்லா சொன்னாள். வெங்காயத்தை வாங்காமலே கீழே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மதிய உணவுக்குக் கால்மான் என்னையும் அழைத்தார். “வாங்க, வாத்தியாரே. ரெண்டே பேர்னா பேச்சு பாதி வழியில நின்னுபோயிடும். நீங்க இருந்தா ஏதாவது தள்ளி விடுவீங்க.” வெள்ளைத் துணி விரித்த மேசையில் மூன்று தட்டு. சர்க்கரைக் கிண்ணமும் இருந்தது, சுருளோடு சர்க்கரை உண்பவர் எவரும் இல்லை என்றாலும். தட்டுகளுக்கு அப்பால், மேசையின் ஓரத்தில் ஒரு தகர டப்பா. ரயிலில் சாப்பிடுவதற்காக அதில் ஆறு சுருள்களை முன்கூட்டியே எடுத்து வைத்து, மூடியைச் சணலால் கட்டியிருந்தார். கேட்கவும் தெரியாத, தடுக்கவும் தெரியாத மனிதர் வேறென்ன செய்வார்.

சுருள்கள் மூன்றாம் நாளுக்குரிய கருஞ்சிவப்பில், உடையாமல், புளித்த பாலேட்டின் கீழே கிடந்தன. இலையும் கறியும் தனித்தனி என்று நாக்கால் சொல்ல முடியவில்லை. பிரோஷ்கா நான்கு தின்றார். நான் தானியக் கிடங்கு, மழை, டிராம் கட்டணம் என்று மூன்று பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன், மூன்றும் நகரவில்லை.

ஐந்தாவது சுருளை முள்கரண்டியால் பிளந்து, உள்ளே பார்த்தபடி பிரோஷ்கா கேட்டார்: “அரிசி எவ்வளவு போட்ட?”

“கிலோ கறிக்கு ஒரு கை. நீ போடற அளவு.”

கால்மான் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே, அதாவது எங்கள் இருவரையும் பாராமல், பேசினார்.

“அன்னிக்கும் அரிசி சரியாத்தான் இருந்துச்சு.”

“தெரியும்.”

“நான்தான் கிளறினேன். நாலு சுத்து.”

“அதுவும் தெரியும். கரண்டியில எல ஒட்டிட்டிருந்துச்சு.”

“உங்க பெரிய அண்ணங்கிட்ட சொல்லிடறேன். அவரு இன்னும் அரிசின்னுதான் நெனச்சிட்டிருப்பாரு.”

“அண்ணன் போயி மூணு வருஷம் ஆச்சு.”

கால்மான் மேசைத்துணியின் மடிப்பை நீவிவிட்டார். “அப்ப சின்னவருகிட்ட.”

“அவனுக்கு அன்னிக்கு ராத்திரியே போன்ல சொல்லிட்டேன். அவன் பெரியவனுக்குச் சொல்லிட்டான். எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுங்கறது உனக்குத்தான் தெரியாது.”

“யாரும் ஒண்ணும் கேக்கலியே.”

“நீ சொல்லுவேன்னு பாத்தோம்” என்று சொல்லிவிட்டு, பிரோஷ்கா ஐந்தாவதைத் தின்று முடித்தார். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தார். பிறகு எழுந்து தகர டப்பாவைக் கையில் எடுத்தார். எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கி இறக்கினார். பைக்குள் வைக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். கால்மானும் அவ்வாறே நினைத்திருக்க வேண்டும். “சணல் இறுக்கமா இருக்கு, ரயில் குலுங்கினாலும் சிந்தாது” என்று சுவரிடம் சொன்னார்.

பிரோஷ்கா அடுப்பருகே சென்றார். சணலை அவிழ்த்தார். ஆறு சுருள்களையும் ஒவ்வொன்றாக, மடிப்பு கீழே இருக்குமாறு, பானையில் அவை முன்பு இருந்த இடத்திலேயே அடுக்கினார். மூடியைப் போட்டு, இரண்டு காதுகளையும் துணியால் பற்றி, இடம் வலமாக ஒரே ஓர் உலுக்கு உலுக்கினார். பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது.

கால்மான் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கல் மூடியின் மேல் உட்காரும் ஓசை கேட்டதும், கையை உயர்த்தி, சுவரிலிருந்த கண்ணாடியை ஒரு விரற்கடை அளவு பால்கனிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.