கடைசி வரியை வாசித்த எஸ்தர் அக்கா

ஒரு கண்ணாடி ஃபிரேமின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் மகள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். கையிலிருந்த திருகு எங்கோ உருண்டது. நான் தேடவில்லை.

செங்கல்பட்டில் எங்கள் சின்னக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதித்தவர் எஸ்தர் அக்கா. கண்ணாடி கவுண்டரில் நான். செய்யூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டுமாம். அக்காவின் வாய்த்துடுக்கைச் சொல்லாமல் விட்டால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

ஒருமுறை மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் முகாம். வரிசையில் நிற்பவர்கள், முன்னால் நிற்பவர் வாசிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். அக்கா சட்டென்று எழுத்து அட்டையை மாற்றினார். அடுத்து வந்தவர் பழையதையே கடகடவென்று ஒப்பித்தார்.

"இன்னா அண்ணாத்த, அட்டைய பாத்து சொல்றியா, முன்னாடி நின்னவரு வாய பாத்து சொல்றியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஊகிச்சு சொல்லாத. கடலுக்குப் போற ஆளு நீ!"

வரிசையே சிரித்தது. அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியல மேடம்" என்றார். "அப்டி வா வழிக்கு" என்றார் அக்கா.

தினமும் காலையில் அட்டையின் விளக்கைப் போட்டுவிட்டு, தரையில் கிழித்த கோட்டில் நின்று, கடைசி வரியின் ஆங்கில எழுத்துகளை உரக்க வாசிப்பார். "வெளிச்சம் சரியா கீது" என்பார். அதன் பிறகுதான் முதல் நோயாளியைக் கூப்பிடுவார். கவுண்டரில் எனக்கு அதுதான் மணியோசை.

பிறகு டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். பஸ் படியில் தடுக்கி விழப்போய் டிரைவரைத் திட்டினார். கண்ணாடியை ஓயாமல் துடைத்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது ஊருக்கே தெரியும். ஆனால் தினமும் காலையில் கடைசி வரியை வாசிக்கிறவருக்குக் கண்ணில் கோளாறு என்று யாருக்குத் தோன்றும்? அவருக்கே தோன்றவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்தக் கொடுமை!

அக்கா விடுப்பில் இருந்தபோது சுவருக்கு வெள்ளையடித்து, பழைய அட்டை இருந்த இடத்தில் தமிழ் எழுத்து அட்டையை மாட்டினார்கள். மறுநாள் காலை அக்கா வழக்கம்போலக் கோட்டில் நின்றார். நிமிர்ந்து பார்த்து, அந்தப் பழைய ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் வாசித்தார்.

காத்திருந்த ஓர் அம்மாள் சிரித்தார். "இன்னாக்கா, தமாஷா? அது தமிழ் எழுத்து" என்றேன் நானும்.

அக்கா சிரிக்கவில்லை. அட்டையை நோக்கி நடந்தார். மூக்கு உரசும் தூரத்தில் நின்று விரலால் தடவிப் பார்த்தார். "கஸ்தூரி, எப்ப இருந்துடி எனக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டார்.

விழித்திரையில் ரத்தக் கசிவு, காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி, லேசர் எல்லாம் பார்த்தாயிற்று. வேலை போனது. வெளிச்சமும் போனது. செய்யூர் வீட்டில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் சர்க்கரை சிறுநீரகத்துக்குப் போனது. பாழாய்ப்போன நோய், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலருகே பேசாமல் நின்றேன்.

"யாரோ நிக்கிறீங்க. யாருன்னு தெரியல."

"நான்தான்க்கா, கஸ்தூரி."

"வளையல் சத்தத்துலயே நெனச்சேன். ஆனா ஊகிச்சு சொன்னனா பாத்தியா?" என்றவர், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

செய்யூர்க் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுவதற்கு முன், "கடைசியா ஒருவாட்டி முகத்தைப் பாத்துக்கோங்க" என்றார்கள். குனிந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "அம்மா முகம் தெரியுதா சித்தி?" என்று மகள் கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

போய் வாருங்கள் அக்கா. ஊகித்துச் சொல்லவில்லை.