கைப்பிடியை ஒட்டிய ஒரு அங்குலம்

மழுங்கிய கத்தியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கத்தியின் மேல் அல்ல, அதை வைத்திருப்பவர் மேல். சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில், தக்காளியை நறுக்குகிறேன் என்று யாராவது நசுக்கிக்கொண்டிருந்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து போய்க் கத்தியை வாங்கி, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் நாலு தீட்டு தீட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இலைக்குத் திரும்புவேன். "சாப்பிட வந்தீங்களா, சாணை பிடிக்க வந்தீங்களா?" என்று என் மனைவி எல்லார் முன்னாலும் கேட்பாள்.

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில்தான் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய பூட்டு, குழாய்த் திருகுகளோடு துருப்பிடித்த கத்திகளும் கிடக்கும். சிலவற்றில் பிரெஞ்சு எழுத்து பாதி தெரியும். ஏதோ பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டைக் காலி செய்தபோது வந்தவை. எடுத்து வந்து வினிகரில் ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பிடி மாட்டுவேன். அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்தது என்று எந்தக் காலத்திலும் நிம்மதியாகச் சொல்ல முடியாது. போனது போன வேகத்தில் திரும்பி வரும். கத்தியில் துரு போனால் போனதுதான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றபோது, விருந்துக்குப் பிரியாணி செய்ய ஒரு மாஸ்டரை அழைத்திருந்தோம். டவுனில் பல கல்யாணங்களுக்கு அவர்தான் சமையல். என் வயதுதான் இருக்கும். எல்லாருக்கும் அவர் பாய். அவர் வெங்காயம் நறுக்குவதைப் பார்க்கவே நாங்கள் சுற்றி நின்றோம். நான் கைப்பேசியில் படம்கூடப் பிடித்தேன். ஆனால் என் கண் முழுக்க அந்தக் கத்தியின் மேல். கன்னங்கரேலென்ற இரும்பு, பிடியில் அழுக்குத் துணிச் சுற்று. பிடியை ஒட்டி ஒரு அங்குல நீளத்துக்குக் கூரே இல்லை. எந்தச் சோம்பேறியோ கடைசிவரை தீட்டாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

"குடுங்க பாய், புதுசாக்கித் தர்றேன்."

"பழகின கத்தி சார். அது பாட்டுக்கு ஓடுது."

"எங்க ஓடுது, நொண்டுது."

அவர் சிரித்தார். நான் விடவில்லை. அடுத்த வாரம், என் தொல்லை தாங்காமல்தான், கொண்டுவந்து கொடுத்தார்.

பத்து நாள் அதோடு குடித்தனம் நடத்தினேன். கறுப்பெல்லாம் போய் இரும்பு வெளுத்தது. இடித்த வீட்டு ஜன்னல் தேக்கில் பிடி செதுக்கிப் பித்தளை ஆணி அறைந்தேன். கூர் மட்டும் மூன்று நாள் தீட்டினேன், அதிலும் அந்த ஒரு அங்குலத்தைத் தனியாக. கடைசியில் நுனியிலிருந்து பிடிவரை எங்கே வைத்தாலும் செய்தித்தாள் சத்தமில்லாமல் இரண்டானது. என்னை நானே தட்டிக்கொடுக்காத குறைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் வந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது என் வீட்டு நம்பிக்கை. அவர் வீட்டிலும் அப்படித்தானாம். அதனால் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பிரிக்காமலே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பிள்ளைச்சாவடியில ஒரு கல்யாணம் சார்," என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? என் கத்தி கல்யாண வேலைக்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தியின் பழைய கோலத்தையும் புதுக் கோலத்தையும் எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுப் பெருமையடிக்க உட்கார்ந்தேன். பழைய படம் தேடியபோது அந்த வீடியோ வந்தது. ஓடவிட்டேன். பாயின் வலது கை பெரிதாகத் தெரிந்தது. நாலு விரல் பிடியைப் பற்றியிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் பிடிக்கு முன்னால், இரும்பின் கூர்ப்பக்கத்தின் அடியில், கொக்கி மாதிரி மடிந்து கிடந்தது. சரியாக அந்த ஒரு அங்குலத்தில்.

அது சோம்பேறி விட்ட இடம் இல்லை. அவர் விரல் உட்காரும் இடம். அதில்தான் நான் செய்தித்தாள் அறுபடுகிற அளவுக்குக் கூர் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூட்டை மூட்டையாக வெங்காயம், பார்க்காமலே நறுக்கும் வேகம், அந்த விரல். எலும்புவரை இறங்கிவிடும். அவருக்கு விரல்தான் தொழில். சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வண்டியை எடுத்தேன். முத்தியால்பேட்டை தாண்டும்வரை அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம்தான் என்மேல் வந்தது. சும்மா ஓடிக்கொண்டிருந்த கத்தியைக் கேட்டு வாங்கியது யார்?

பிள்ளைச்சாவடியில் பந்தல் தெரிந்ததும் வண்டியைச் சாய்க்காத குறையாக நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். பாய் பலகையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தேன். பத்தும் இருந்தன. கையில் இருந்தது வேறு கத்தி.

"என்னா சார், இவ்ளோ தூரம்? சாப்பாடு மத்தியானம்தான்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஆள்காட்டி விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த எடத்த நான்தான் சார் மழுக்கினேன். தெனம் வேல முடிஞ்சி, கருங்கல்லுல தேச்சித் தேச்சி. ஒரு மாசம் ஆச்சி."

"ஏன் பாய் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

புதிதாகத் தீட்டிய கத்தியை அவர் நேரே விருந்து வேலைக்கு எடுப்பதில்லையாம். வெளுத்த இரும்பு பட்டால் வெங்காயம் கறுக்கும், வாடையும் வரும். முதலில் வீட்டில் இரண்டு நாள் வாழைக்காய் நறுக்கி, அந்தக் கறையை இரும்பில் ஏற்றிப் பழக்கிய பிறகுதான் வெளியே வரும். என் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அது வந்து முழுசாக உட்காருவதற்குள் அவரே சொன்னார்:

"வூட்டுலதான் குடுத்து வச்சேன். இன்னிக்கி வாழக்கா நறுக்கறேன்னு சொன்னாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மனைவியும் அதே மாதிரிதான் பிடிப்பாராம், இவரிடம் பழகியது. பாய் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அரிசி மூட்டைமேல் கிடந்த போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையும் அவருக்குத் தெரிந்த சாமியையும் சேர்த்தே கூப்பிட்டேன்.

"அந்தக் கத்தியா?" என்றது மறுமுனை. "பொட்டலத்தப் பிரிக்கவே இல்லீங்க. வாழக்காய அருவாமனையிலயே நறுக்கிட்டேன். ஏன், என்னா ஆச்சி?"

பாய் விஷயத்தைச் சொன்னார்.

"நல்ல வேள. ஓங்க சார்கிட்ட சொல்லிடுங்க, எங்க அருவாமனையக் கேட்டு வந்துடப் போறாரு."

அந்த அம்மா என் வயிற்றில் பாலை வார்த்தார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று யாராவது நினைத்திருந்தால் நல்லது. மத்தியானம் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். இருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் பொட்டலத்தோடு எங்கள் மாடிக்கு வந்தார். அந்த ஒரு அங்குலத்தைக் கல்லில் நிமிர்த்தி வைத்து இழுத்தேன். தனியாக உட்கார்ந்து தீட்டியது ஐந்து நிமிடத்தில் போனது. மனசு கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். "இன்னும் கொஞ்சம் சார்," என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்தேன். கொடுப்பதற்கு முன் என் விரலை அங்கே வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. துடைத்து, வழக்கம்போலத் துவைக்கும் கல்மேல் வைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. கையை நீட்டினார்.

"கையில குடுங்க."

"சண்ட வரும்னு சொல்வாங்களே பாய்."

"அன்னிக்கே கையில குடுத்திருந்தா, அன்னிக்கே சண்ட போட்டு முடிச்சிருப்போம்."

கொடுத்தேன். அவர் பிடித்ததும் ஆள்காட்டி விரல் தானாகப் போய் அந்த இடத்தில் மடிந்து உட்கார்ந்தது.