சேதுலட்சுமியின் பாதி வீடு

சேதுலட்சுமிக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் செத்துப்போனான். பாம்பன் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த அவளுடைய அய்யா, உறவுக்காரர்கள் பேச்சைக் காதில் வாங்காமல் அவளை மதுரைக்கு அனுப்பி மருத்துவச்சிப் படிப்பு படிக்க வைத்தார். ராமநாதபுரத்தில் வேலை கிடைத்தது. பதினாறு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறினாள். தாலியறுத்தவள் எதிரே வருகிறாள் என்று ஒருத்தர் காலி செய்யச் சொன்னார். கண்ட நேரத்தில் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று இன்னொருத்தர்.

1949-ல் அரண்மனைக்கு மேற்கே பழைய தெரு ஒன்றில் வீடு விலைக்கு வந்தது. நூறு வருஷத்து வீடு. தேக்குத் தூண், முழங்கை அகலச் சுண்ணாம்புச் சுவர், முற்றத்தில் உப்புக் கரிக்காத கிணறு. வீட்டுக்காரர் இறந்திருந்தார். மூத்த மகன் கமுதியில் பருத்தி வியாபாரம் செய்து நொடித்துப்போயிருந்தான். இளையவன் ராமசுப்பிரமணியனுக்கு ஆறு வயது. அந்த வீட்டு உள்ளறையில் இரண்டு நாள் போராடி அவனை எடுத்தவளே சேதுலட்சுமிதான்.

இருந்த நகையை எல்லாம் விற்று வாங்கினாள். மூத்தவன் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டான். சின்னவனுக்காக அவன் அம்மா நாகலெட்சுமி போட்டாள். மைனர் பங்கை விற்கக் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்று சேதுலட்சுமிக்கு யாரும் சொல்லவில்லை.

பால் காய்ச்சும் அன்று தெருவில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் அவள் பிரசவம் பார்க்காத வீடு இல்லை. ஒருத்தரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மிளகாய் மண்டிக்காரர் செல்லச்சாமி மட்டும் தன் வாசலில் நின்று, அவள் காதில் விழும்படி சொன்னார்: "நேத்து வரைக்கும் கொல்லைப்பக்கமா வந்து போனவ. இனி நம்ம தெருவுல தலைவாசல் வழியா நடப்பாளாம்." அந்த வீட்டின் மேல் அவருக்கும் கண் இருந்தது.

ஆனாலும் இருந்தாள். ஓடு மாற்றினாள், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினாள். பதினாலு வருஷம் போனது.

1963 டிசம்பரில் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. மைனராக இருந்தபோது தன் பங்கை விற்றது செல்லாது என்று ராமசுப்பிரமணியன் வழக்குப் போட்டிருந்தான். பின்னால் இருந்து செலவு செய்கிறவர் செல்லச்சாமி என்பது ஊருக்கே தெரியும்.

அவளுடைய வக்கீல் காகிதங்களைப் பார்த்துவிட்டுத் தெம்பாகச் சொன்னார். "இருபத்தோரு வயசுக்குள்ள போட்டிருக்கணும்மா. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுப்படி அவனுக்கு ஜூன் மாசமே முடிஞ்சிருச்சு. கேஸ் நிக்காது."

"பள்ளிக்கூடத்துல வயசைக் கூட்டிப் போட்டுச் சேத்தாங்க. அவன் பொறந்தது நாப்பத்தி மூணு, தை மாசம். வர்ற தைக்குத்தான் இருபத்தோரு வயசு முடியும். எங்கிட்ட நோட்டுல இருக்கு."

பார்த்த பிரசவம் ஒவ்வொன்றையும் தேதி, மணி, எடை என்று அவள் எழுதி வைப்பாள். முனிசிபாலிட்டியில் பதியாத பிள்ளைகளுக்கு அதுதான் ஆதாரம்.

வக்கீல் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நோட்டு இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். கேப்பாங்க. கரையான் அரிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க. வீடு உங்களுக்கு."

சாட்சி சொல்ல இன்னும் ஒரு வாரம் இருந்தது. நோட்டை அடுப்படி வரை இரண்டு தரம் கொண்டுபோனாள். அதில் ஆயிரத்து எழுநூறு பிள்ளைகள் இருந்தார்கள்.

கூண்டில் ஏறி நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "இந்த ராமசுப்பிரமணியன் என்னைக்குப் பொறந்தான்?"

கூட்டத்தில் நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது.

"நாப்பத்தி மூணு ஜனவரி பதினேழு. விடிகாலை நாலே கால்," என்றாள் சேதுலட்சுமி. "மாலை சுத்திப் பொறந்தான். மூச்சு இல்ல. நான்தான் ஊதி அழ வச்சேன்."

அவளுடைய வக்கீல் கையிலிருந்த பென்சிலை மேஜையில் போட்டார்.

பாதி வீடு போயிற்று. கோர்ட்டு அமீனா வந்து அளந்தான். கிணறும் அடுப்படியும் உள்ளறையும் ராமசுப்பிரமணியன் பங்கில் விழுந்தன. தீர்ப்பன்று கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போது ராமசுப்பிரமணியன் அவளைக் கடந்து போனான். ஒரு வார்த்தை பேசுவான் என்று நின்றாள். செருப்பைப் பார்த்தபடியே போய்விட்டான். நாகலெட்சுமிதான் அருகில் வந்து, "எங்களுக்கும் வேற வழியில்லக்கா," என்றாள்.

"எனக்கு மட்டும் இருந்துச்சாக்கும்," என்றாள் சேதுலட்சுமி.

மூன்றே மாதத்தில் அவன் தன் பங்கைச் செல்லச்சாமிக்கு விற்றுவிட்டு மதுரைக்குப் போனான். முற்றத்தின் நடுவே செங்கல் சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் மிளகாய் வத்தல் கிடங்கு. மூட்டை பிரிக்கும் நாட்களில் நெடி சுவர் தாண்டி வந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீருக்குத் தெருமுனைக் குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

உண்மையைச் சொன்னதால் மனசு நிறைந்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எடுத்த பிள்ளைகளில் ஒருத்தியான நான், அறுபத்தேழில் அவளைப் பார்க்கப் போனேன். பழைய வீடு ஒன்றை வாங்கலாமா என்று யோசனை கேட்கப் போயிருந்தேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "பொய் சொல்லியிருக்கணும்டி. கிணத்தையாவது காப்பாத்தியிருப்பேன்."

அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். தெருக்காரர்கள் அன்று வந்தார்கள்.