அவர் வந்தால்தான் சாப்பாடு

கதிரவேலு வாய் திறப்பதற்குக் காசு கேட்பார் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்தே கிழவரானவர். மனைவி குணலட்சுமியோடும் அளந்துதான் பேச்சு. பசிக்கிறது என்றால் சோறு வரும், அதற்கு மேல் என்ன கதை?

குணலட்சுமிக்கு மறதி நோய் வந்து சில வருடமாகிறது. முதலில் சாமான்களின் பெயர் போனது, பிறகு பிள்ளைகளின் பெயர். கடைசியில், எதிரே இருப்பவர் புருஷன் என்பதும் போயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை. தோட்டத்தால் வந்து புருஷன் சாப்பிடாமல் குணலட்சுமி ஒருநாளும் வாயில் சோறு வைத்ததில்லை. இப்போதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "அவர் இன்னும் வரேல்லை, ஐயா" என்பார்.

"நான்தானப்பா அவர்" என்று கதிரவேலு சொல்லிப் பார்த்தார். கல்யாணப் படத்தையும் எடுத்துக் காட்டினார். படத்தில் இருந்தவருக்குத் தலை நிறையக் கறுப்பு மயிர். யாரோ கிழவன் பொய் சொல்கிறான் என்று குணலட்சுமிக்குக் கோபம்தான் வந்தது. உடம்பு வற்றிக்கொண்டே போனது. இப்படியே போனால் மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்று டொக்டர் சொன்ன அன்று, கதிரவேலு வீடு வந்து சேரும்வரை அழுதார்.

பக்கத்து வீட்டுத் தனுசியா ஆஸ்பத்திரித் தாதி. அவள்தான் வழி சொன்னாள்.

"பெரியப்பா, நீங்கள் ஆரெண்டு நிரூபிக்கப் போகாதையுங்கோ. அவர் பசியோடை நிக்கிறாரெண்டுதான் அவாவுக்குக் கவலை. அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

மறுநாள் மத்தியானம் கதிரவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் தோட்டத்திலை சாப்பிட்டிட்டார். உங்களையும் சாப்பிடச் சொல்லிவிட்டவர்." கட்டியவளை 'நீங்கள்' போட்டுக் கதைத்தது அன்றுதான் முதல்தடவை.

"அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம்."

குணலட்சுமி கோப்பையைக் கிட்ட இழுத்து, குழைத்து, முழுவதையும் சாப்பிட்டார். கதிரவேலு மனதுக்குள் முருகனையும் தனுசியாவையும் ஒரே மூச்சில் கும்பிட்டார்.

கை கழுவிய பிறகு குணலட்சுமி குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அவரைக் கண்டால் ஒண்டு சொல்லுவியளோ? எனக்கு அவரிலை ஒரு குறையும் இல்லை. என்னை நல்லா வைச்சிருக்கிறார். நேரை சொல்ல எனக்கு வெக்கம்."

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத சங்கதி அது. நோயைக் கதிரவேலு மன்னிக்கவில்லை. ஆனால் அது கொண்டுவந்து தந்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கட்டாயம் சொல்லுறன்" என்றார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அவரும் உங்களைப் பற்றி அப்பிடித்தான் சொன்னவர். நேரை சொல்ல அவருக்கும் வெக்கமாம்."